ஹைடல்பெர்க் கோட்டை: இடிந்துதானே கிடக்கிறது, போகலாமா?

கேள்வி இதுதான்: "பிராங்க்பர்ட்டில் வேலை பார்க்கிறேன். மே மாதம் அப்பா அம்மா வருகிறார்கள். ஒரு நாள் ஹைடல்பெர்க் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி. அப்பாவோ, 'இடிந்த கோட்டையைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?' என்கிறார். ஒரு நாள் போதுமா? எதை எப்படிப் பார்ப்பது?"

தாராளமாகப் போங்கள். ஒரு நாள் போதும், ஆனால் காலையில் கிளம்பி இருட்டும்வரை இருக்கிற முழு நாளாக இருக்கட்டும். சுற்றுலாப் பேருந்தில் வருகிறவர்கள் கோட்டை முற்றத்தில் படம் எடுத்துவிட்டு, பெரிய ஒயின் பீப்பாயைப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் ஒரு சுற்று வந்து மூன்று மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் அப்பா சொல்வது சரி என்றுதான் தோன்றும்.

அப்பாவின் கேள்வி நியாயமானது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கோட்டையை யார் உடைத்தார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் பார்க்கிற விதமே மாறிவிடும்.

புனித ரோமானியப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஜெர்மனியில் ஒரு சில சிற்றரசர்களுக்கு மட்டும் இருந்தது. அவர்களில் ஒருவர் பாலட்டினேட் என்ற நாட்டின் அரசர். அவருடைய தலைநகரம் ஹைடல்பெர்க். நெக்கர் ஆறு மலைகளுக்கு நடுவே வளைந்து வந்து சமவெளிக்குள் நுழைகிற வாயிலில், தென்கரை மலைச்சரிவில் கோட்டை. அதனடியில் ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே நீளவாக்கில் ஊர். ஒவ்வொரு அரசரும் தன் பங்குக்கு ஒரு கட்டடம் சேர்த்துக்கொண்டே போனதால், முற்றத்தில் நின்று ஒரு சுற்று திரும்பினால் வேறு வேறு காலத்துக் கட்டடங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

உடைந்த கதைக்கு முன்னுரை ஒரு கல்யாணம். 1613இல் அரசர் ஐந்தாம் ஃபிரெடரிக், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் மகள் எலிசபெத்தை மணந்தார். மனைவிக்காக மலைச்சரிவை வெட்டி, அடுக்கடுக்காகத் தோட்டம் அமைக்கத் தொடங்கினார். 1615இல் ஒரு கல் வாசலும் எழுப்பினார். ஒரே இரவில் கட்டி, பிறந்தநாள் காலையில் அவளுக்குக் காட்டியதாகக் கதை. வாசல் இன்றும் நிற்கிறது. ஆனால் ஃபிரெடரிக்குக்கு ஆசை பெரிது. 1619இல் பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) கிரீடம் தேடி வந்தபோது ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டே பிராக் அருகே தோற்று எல்லாவற்றையும் இழந்தார். ஒரே ஒரு குளிர்காலம் அரசாண்டதால் 'குளிர்கால ராஜா' என்று பட்டப்பெயர். முப்பதாண்டுப் போர் இப்படித்தான் மூண்டது. தோட்டம் முடியவே இல்லை. இதில் ஒரு வேடிக்கை: பிற்பாடு பிரிட்டன் அரியணை இந்தத் தம்பதியின் பேரனுக்குப் போனது. இன்றைய பிரிட்டன் அரச குடும்பம் அந்த வழியில் வந்ததுதான்.

அடுத்த அடி இன்னும் கொடுமையானது. ஃபிரெடரிக்கின் பேத்தி லீஸலோட்டேயை பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் தம்பிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். 1685இல் அவளுடைய அண்ணன் வாரிசு இல்லாமல் இறந்ததும், "என் தம்பி மனைவிக்குச் சேரவேண்டிய சொத்து" என்று லூயி படையை அனுப்பினார். 1689இல் ஒரு முறை, 1693இல் மறுமுறை பிரெஞ்சுப் படை வந்தது. கோட்டைச் சுவருக்கு அடியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. ஊரை ஏறக்குறைய முழுதாக எரித்தது. இவ்வளவும் லீஸலோட்டே பெயரில். அவள் பிரெஞ்சு அரண்மனையில் உட்கார்ந்து, கண்ணை மூடினாலே ஹைடல்பெர்க் எரிவது தெரிகிறது, திடுக்கிட்டு எழுந்துகொள்கிறேன் என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தப் படையின் தளபதிகளில் ஒருவன் மெலாக். அவன் மேல் இருந்த வெறுப்பில் தலைமுறை தலைமுறையாக அந்த வட்டாரத்து மக்கள் நாய்க்கு மெலாக் என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள்.

மிச்சத்தை 1764இல் இடி முடித்துவைத்தது. அப்போதைய அரசர் கார்ல் தியோடர் திரும்பவும் இங்கே குடிவரலாம் என்று வேலை நடந்துகொண்டிருந்த நேரத்தில் மின்னல் தாக்கித் தீப்பிடித்தது. அதோடு ஆசையை விட்டுவிட்டார்கள். அப்புறம் ஊர்க்காரர்களுக்கு இது கல் எடுக்கிற இடமாகிவிட்டது. வீடு கட்ட வேண்டுமா, மலையேறிப் போய் கோட்டையிலிருந்து நாலு கல் பெயர்த்துக்கொண்டு வந்துவிடுவது.

அதைத் தடுத்தது யார் என்பது இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த ஷார்ல் த கிரைம்பெர்க் என்ற பிரெஞ்சுப் பிரபு. 1810இல் கோட்டையைப் படம் வரைய வந்தவர், 1864இல் சாகும்வரை இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். கல் எடுக்க வந்தவர்களை விரட்டுவது, படங்களை அச்சிட்டு விற்று கோட்டையை வெளியுலகுக்குத் தெரியப்படுத்துவது, இடிபாட்டில் கிடைத்ததைச் சேர்த்துவைப்பது என்று வாழ்க்கை முழுக்க இதற்கே போனது. உடைத்தவர்களும் பிரெஞ்சுக்காரர்கள், காத்தவரும் பிரெஞ்சுக்காரர்.

அப்படியானால், பணக்கார நாடு, ஏன் இதைத் திரும்பக் கட்டவில்லை? இதை அப்பா கட்டாயம் கேட்பார். காசு இல்லாமல் விடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'பழையபடி கட்டவேண்டும்' என்று பலமான குரல் எழுந்தது. தீயில் பாதிக்கப்பட்டாலும் உருப்படியாக நின்ற ஃபிரெடரிக் கட்டடத்தை மட்டும் 1897 முதல் 1900 வரை சீர்செய்தார்கள். அடுத்து ஒட்ஹைன்ரிஷ் கட்டடத்துக்கும் கூரை போடலாம் என்றபோது பெரிய சண்டை. கேயோர்க் தேஹியோ என்ற கலை வரலாற்று அறிஞர் கடுமையாக எதிர்த்தார். பழையதைக் காப்பாற்றுவது வேறு, நம் கற்பனைக்குக் கட்டிவிட்டு அதைப் பழையது என்று சொல்வது வேறு என்பது அவர் கட்சி. கடைசியில் அந்தக் கட்சியே வென்றது. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றி ஜெர்மனியில் இன்றைக்கும் பேசும்போது இந்தச் சண்டையைக் குறிப்பிடாமல் இருக்கமாட்டார்கள். சீர்செய்ததும் விட்டதும் ஒரே முற்றத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எது நன்றாக இருக்கிறது என்று அங்கேயே நின்று அப்பாவோடு வாதாடிப் பாருங்கள். எனக்கு ஒட்ஹைன்ரிஷ் கட்டடம்தான்.

அதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். 1556இல் தொடங்கிய கட்டடம். ஜெர்மனியின் ஆரம்பகால மறுமலர்ச்சிப் பாணி அரண்மனைகளில் ஒன்று. முகப்புச் சுவர் மட்டும் கம்பீரமாக நிற்கிறது. மேல்மாடி ஜன்னல்கள் வழியாக வானம் தெரியும். சுவர் மாடங்களில் 16 சிலைகள். கீழ்வரிசையில் யோசுவா, சாம்சன், ஹெர்குலிஸ், தாவீது என்று பலசாலிகள். அடுத்த வரிசையில் நம்பிக்கை, அன்பு, நீதி போன்ற குணங்கள் பெண் உருவில். அதற்கு மேல் கிரகங்கள்: சனி, செவ்வாய், வெள்ளி, புதன், திங்கள். உச்சியில் சூரியனும் வியாழனும். ஞாயிறு முதல் சனி வரை வாரம் முழுக்க அந்தச் சுவரில் இருக்கிறது. பைபிளும் கிரேக்கப் புராணமும் ஜோதிடமும் ஒரே சுவரில் கலந்திருப்பது அந்தக் காலத்து அரசரின் மனசைக் காட்டுகிறது. அம்மாவுக்கு இது உடனே பிடித்துப்போகும்.

வெடித்த கோபுரத்தைப் பார்க்க முற்றத்தை விட்டு வெளியே தோட்டத்துப் பக்கம் வாருங்கள். சுவரின் கனம் ஆறரை மீட்டர். 1693இல் வெடிவைத்தபோது அது தூள்தூளாகவில்லை. கோபுரத்தின் ஒரு பாதி அப்படியே ஒரே துண்டாகப் பெயர்ந்து அகழிக்குள் சாய்ந்துவிட்டது. முந்நூறு வருஷத்துக்கு மேலாக அதே இடத்தில் சாய்ந்து கிடக்கிறது. உள்ளே மாடி மாடியாக இருந்த அறைகளும் நடுத்தூணும் வெட்டிவைத்த மாதிரி வெளியே தெரியும். தோட்டத்துக்கு டிக்கெட் கிடையாது என்பது கூடுதல் வசதி. தோட்டத்தின் கோடியில் ஒரு திறந்த மேடை இருக்கிறது. கோட்டை, ஊர், பாலம், ஆறு, அதற்கப்பால் சமவெளி எல்லாம் அங்கிருந்து ஒரே காட்சியாகத் தெரியும்.

பீப்பாயைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1751இல் செய்தது, ஏறத்தாழ 2,20,000 லிட்டர் பிடிக்கும். திராட்சை விவசாயிகள் வரியாகக் கொடுத்த ஒயினை நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிவைக்க வேண்டியது. அது எப்படிச் சுவைத்திருக்கும் என்று யோசிக்காமல் இருப்பது நல்லது. மேலே நடனமாட ஒரு தளம் உண்டு. நுழைந்ததும் கண்ணில் படுகிற பீப்பாயைப் பார்த்து "இதுதானா" என்று திரும்பிவிடாதீர்கள், அது சின்னது. பெரியது உள்ளே இருக்கிறது. எதிர்ச்சுவரில் பெர்கேயோ என்ற அரசவைக் குள்ளனின் மரச்சிலை. குடத்துக் கணக்கில் ஒயின் குடித்தவன், ஒரு நாள் யார் பேச்சையோ கேட்டுத் தண்ணீர் குடித்தான், செத்துப்போனான் என்று கதை. அதே டிக்கெட்டில் மருந்தகக் காட்சியகமும் உண்டு. பழைய மருந்து ஜாடிகள், இழுப்பறைகள், மருந்து காய்ச்சும் அடுப்புகள் எல்லாம் நம் நாட்டு மருந்துக்கடையை நினைவூட்டும். கூட்டமும் அங்கே குறைவு.

ஃபிரெடரிக் கட்டடத்துக்கு முன்னால் ஊரைப் பார்த்த மொட்டைமாடி ஒன்று. அதன் தளக்கல்லில் ஒரு காலடிப் பள்ளம். கணவன் திடீரென்று வந்துவிட, மேல்ஜன்னலிலிருந்து குதித்த காதலனின் காலடி என்பார்கள். வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் காலை வைத்துப் பார்ப்பதால் அந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது. கோட்டை வாயிற்கதவில் ஒரு இரும்பு வளையம், அதில் ஒரு விரிசல். வளையத்தைக் கடித்துத் துண்டாக்குகிறவருக்குக் கோட்டையே பரிசு என்று அறிவித்தார்களாம், ஒரு சூனியக்காரி முயன்று பார்த்த பல்தடமாம். வழிகாட்டிகள் இதை மிகவும் நம்பிக்கையோடு சொல்வார்கள்.

இப்போது முட்டிவலி விஷயத்துக்கு வருகிறேன். ஊரிலிருந்து கோட்டைக்குப் படி வழியும் இருக்கிறது. 300க்கு மேல் படிகள், அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். கோர்ன்மார்க்ட் சதுக்கத்துக்குப் பக்கத்தில் கம்பிவட ரயில் நிலையம். கோட்டை டிக்கெட்டிலேயே அந்த ரயிலும் அடக்கம். ஏறி உட்கார்ந்தால் சில நிமிஷத்தில் மேலே. அங்கிருந்து கோட்டைக்குக் கொஞ்சம் நடை, தரை முழுக்கக் கல் பதித்தது. அடி தடித்த, பிடிமானமுள்ள காலணி கட்டாயம், செருப்போடு கிளம்ப விடாதீர்கள். பராமரிப்புக்காகச் சில நாட்கள் ரயிலை நிறுத்துவார்கள், போகிற வாரத்தில் ஓடுகிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். அதே தடத்தில் இன்னும் மேலே மாறிப் போனால், 1907இலிருந்து ஓடுகிற மரப்பெட்டி ரயிலில் ஏறி சுமார் 568 மீட்டர் உயர ராஜாசன மலை உச்சிக்குப் போகலாம். அதற்குத் தனி டிக்கெட். ரயில் பிரியர் யாராவது கூட வந்தால் ஒழிய ஒரு நாள் பயணத்தில் இதை விட்டுவிடலாம்.

பிராங்க்பர்ட்டிலிருந்து நேரடி வேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள்தான். மாதாந்திர ஜெர்மனி டிக்கெட் வைத்திருந்தால் அது வேக ரயிலில் செல்லாது. டார்ம்ஷ்டாட் வழியாகப் போகும் வட்டார ரயிலில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். பெரிய ரயில் நிலையம் பழைய ஊரிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிறது என்பது வந்திறங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. வெளியே 33ஆம் எண் பேருந்து ஏறி, நகர மன்றமும் கம்பிவட ரயிலும் இருக்கிற நிறுத்தத்தில் இறங்குங்கள். இல்லாவிட்டால் எஸ்-பான் என்ற உள்ளூர் ரயிலில் 'ஹைடல்பெர்க் ஆல்ட்ஷ்டாட்' நிலையத்துக்குப் போய், பழைய ஊரின் கிழக்குக் கோடியிலிருந்து உள்ளே நடக்கலாம்.

கோட்டையை முதலில் முடித்துவிடுங்கள். காலை திறக்கிற நேரத்தில் இருந்தால் முற்றம் உங்களுக்கே. பத்தரை, பதினொன்றுக்கு மேல் பேருந்துக் கூட்டம் வந்துவிடும். மதியம் ஊருக்குள் இறங்குங்கள்.

ஊரைப் பார்த்து "அப்படியே நடுக்காலத்து ஊர்" என்று பலர் எழுதுகிறார்கள். தெருக்களின் போக்கு பழையதுதான், வீடுகள் பெரும்பாலும் 1693 தீக்குப் பிறகு கட்டியவை. தீயில் தப்பிய பெரிய வீடு சந்தைச் சதுக்கத்தில் இருக்கிறது: 1592இல் ஒரு துணி வியாபாரி கட்டிய, முகப்பு முழுக்கச் சிற்பம் நிறைந்த 'ரிட்டர்' மாளிகை. எதிரே பரிசுத்த ஆவி தேவாலயம். இதன் கதையையும் சொல்லவேண்டும். 1706இல் நடுவே ஒரு சுவர் எழுப்பி ஒரு பக்கம் கத்தோலிக்கர், மறுபக்கம் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தச் சபை என்று பிரித்தார்கள். முழுதும் கத்தோலிக்கருக்கே வேண்டும் என்று அரசர் கார்ல் ஃபிலிப் சுவரை இடிக்க, ஊர் எதிர்த்து நிற்க, சுவரைத் திரும்பக் கட்டவேண்டியதாயிற்று. "இந்த ஊரே வேண்டாம்" என்று 1720இல் அவர் தலைநகரத்தையே பக்கத்து ஊரான மன்ஹைமுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். சுவர் 1936 வரை இருந்தது. இதே தேவாலயத்தின் மாடங்களில் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிகச் சிறந்த நூலகங்களில் ஒன்று இருந்தது. 1622இல் ஊரைப் பிடித்த கத்தோலிக்கப் படை அதைப் போப்புக்குப் பரிசாக அனுப்பியது. கோவேறு கழுதைகள் மேல் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் போன அந்தச் சுவடிகளில் பெரும்பகுதி இன்னும் வத்திக்கானில்தான் இருக்கிறது.

தவறவிடக் கூடாதது மாணவர் சிறை. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் 1386இல் தொடங்கியது. தன் மாணவர்களைத் தானே விசாரித்துத் தண்டிக்கும் உரிமை அதற்கு இருந்தது. குடித்துவிட்டு ராத்திரியில் கூச்சல் போடுவது, காவலரிடம் வம்புக்குப் போவது, வாள்சண்டை என்று மாட்டிக்கொண்டவர்களை 1778 முதல் 1914 வரை இங்கே அடைத்தார்கள். வகுப்புக்கு மட்டும் போய்வர அனுமதி உண்டு! நாளடைவில் ஒரு முறையாவது உள்ளே போகாதவன் மாணவனே இல்லை என்கிற நிலை. சுவர், கூரை, மாடிப்படிச் சந்து என்று ஓர் அங்குலம் விடாமல் கரிப்புகையாலும் வண்ணத்தாலும் தங்கள் பக்கவாட்டு முகம், சங்கத் தொப்பி, பெயர், உள்ளே வந்த தேதி எல்லாவற்றையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். அறைகளுக்குப் பிரெஞ்சு, பிரஷ்ய அரண்மனைகளின் பெயர். படி ஏறவேண்டும், அம்மா கீழே ஒரு காபி குடித்துக்கொண்டு இருக்கட்டும்.

(பல்கலைக்கழகம் என்றதும் ஒன்று: இங்குள்ள தெற்காசிய ஆய்வு நிறுவனம் 1962இல் தொடங்கியது, தமிழும் கற்பித்த இடம். கவிஞர் இக்பால் 1907இல் இந்த ஊரில் தங்கி ஜெர்மன் படித்தார். நெக்கர் கரைச் சாலையின் ஒரு பகுதிக்கு அவர் பெயர்.)

சாப்பாட்டுக்குப் பெரிய கவலை வேண்டாம். இறைச்சி வேண்டாம் என்றால் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்த்த கேஸ-ஷ்பேட்ஸ்லே என்ற நூடுல்ஸ் எங்கும் கிடைக்கும், ஆனால் மாவில் முட்டை உண்டு. மே மாதம் என்பதால் பக்கத்து ஷ்வெட்ஸிங்கன் வயல்களின் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு (ஆஸ்பராகஸ்) எல்லா உணவகத்திலும் தொங்கும் பலகையில் எழுதியிருக்கும். பன்றி இறைச்சித் துண்டோடு பரிமாறுவது வழக்கம், இல்லாமல் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும்.

அப்புறம் பழைய பாலம். மரப்பாலங்கள் வெள்ளத்திலும் பனிக்கட்டியிலும் அடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்ததால், 1788இல் கார்ல் தியோடர் செம்மணற்கல்லில் கட்டி முடித்தது. இரண்டாம் உலகப் போரில் மன்ஹைம் குண்டுவீச்சில் நாசமானது, ஹைடல்பெர்க் ஏறக்குறைய முழுதாகத் தப்பியது. ஆனால் 1945 மார்ச் கடைசியில் அமெரிக்கப் படை நெருங்கியபோது, பின்வாங்கிய ஜெர்மன் படையே இந்தப் பாலத்தைத் தகர்த்தது. 1947இல் திரும்பக் கட்டிவிட்டார்கள். பாலத்தை உடனே கட்டினார்கள், கோட்டையை விட்டுவிட்டார்கள் என்பதை அப்பாவுக்குச் சொல்லுங்கள். வாயில் பக்கத்தில் கண்ணாடி பிடித்த வெண்கலக் குரங்கு ஒன்று. விரல்களைத் தொட்டால் திரும்பவும் இந்த ஊருக்கு வருவீர்கள், கண்ணாடியைத் தொட்டால் பணம் வரும் என்பார்கள். வெள்ளம் எந்த உயரம் வரை வந்தது என்ற பழைய குறிகள் செதுக்கியிருக்கும், அவற்றைத் தேடிப் பாருங்கள். சில குறிகள் தலைக்கு மேலே இருக்கும்.

சாயங்காலத்தை வடகரைக்கு ஒதுக்குங்கள். கோட்டை இருக்கிற சரிவு வடக்கு பார்த்தது. அதனால் நண்பகலில் எதிர்க்கரையிலிருந்து படம் எடுத்தால் சூரியன் கோட்டைக்குப் பின்னால் இருக்கும், கல்லெல்லாம் கருப்பாக விழும். மே மாதத்தில் சூரியன் வடமேற்கில், ஒன்பது மணிவாக்கில்தான் மறையும். கடைசி ஒன்றரை மணி நேரம் பக்கவாட்டில் வெயில் விழுந்து செம்மணற்கல் அடுப்புக் கங்கு மாதிரி சிவக்கும். அதை உயரத்திலிருந்து பார்க்க, பாலத்தின் வடக்கு முனையிலிருந்து மதில்களுக்கு நடுவே வளைந்து ஏறுகிற பாம்புப் பாதை வழியாகத் தத்துவஞானிகள் நடைக்குப் போகவேண்டும். ஏற்றம் மோசமானது, அப்பாவும் நீங்களும் போங்கள். அம்மாவுக்குப் பாலத்தைத் தாண்டி ஆற்றோரமாக மேற்கே கொஞ்சம் நடந்தால் போதும். சமதரை, உட்கார இடமும் கிடைக்கும், கோட்டை முழுதாகத் தெரியும்.

தேதியை மாற்றிக்கொள்ள முடியுமானால் ஜூன், ஜூலை, செப்டம்பர் மாதங்களில் வழக்கமாக மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மட்டும் நடக்கும் கோட்டை ஒளியூட்டு நாளைப் பாருங்கள். 1689, 1693 தீயின் நினைவாகக் கோட்டையைச் செந்நிற ஒளியில் எரிவது போலக் காட்டுவார்கள். பிறகு பாலத்திலிருந்து வாணவேடிக்கை. அது ஃபிரெடரிக் தன் மனைவியை 1613இல் அழைத்துவந்தபோது நடந்த கொண்டாட்டத்தின் நினைவு. கூட்டம் தாங்காது, அறை கிடைக்காது, திரும்புகிற ரயில் நிரம்பி வழியும். வயதானவர்களோடு அந்த நாளில் போவதென்றால் உள்ளூரில் தங்கும் ஏற்பாடு செய்துகொண்டுதான் போகவேண்டும்.

இன்னும் அரை நாள் கிடைத்தால் படகில் நெக்கர்ஷ்டைனாக் வரை போய்வாருங்கள். ஒரு சின்ன ஊருக்கு நான்கு கோட்டைகள், இரண்டில் ஆள் இருக்கிறது, இரண்டு இடிபாடு. படகில் போகும்போது ஒன்றரை மணி நேரம் போல ஆகும், திரும்புவதற்கு எஸ்-பான் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் அதிகமானால் படகு ஓடாது, காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.